சமமாகத் தெரிந்த பட்டை: கேப்டிஹெச் எதிர்ப்பொருள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஆக்சிஜன் குறைந்த சூழலில் 48 மணி நேரம் வளர்த்த மனித இரத்தநாள உட்சுவர்ச் செல்களில், ஒரு மைட்டோகாண்ட்ரியப் புரதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று எங்கள் ஆய்வுக்கூடம் பல மாதங்கள் நம்பியிருந்தது. தனித்தனியே வளர்த்த மூன்று தொகுதிகளிலும் அதே முடிவு கிடைத்தது. புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, எதிர்ப்பொருளால் அடையாளம் காணும் முறையே வெஸ்டர்ன் பிளாட். அப்படி எடுத்த ஒவ்வொரு படத்தின் அடியிலும், கேப்டிஹெச் என்ற நொதியின் பட்டைகள் ஆறு மாதிரிகளுக்கான ஆறு தடங்களிலும் ஒரே அகலத்தில், ஒரே கருமையில், அச்சில் வார்த்ததுபோல் அமைந்திருந்தன. பார்த்தவர் எவரும் குறை சொல்லவில்லை. கட்டுரையின் வரைவில் அந்தப் படம் இரண்டாம் பக்கத்தில் இடம்பெற்றது.

அந்த முடிவு தவறானது. புரதம் குறையவே இல்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று பிழைகள் அதே தவறான எண்ணில் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தின. அவற்றுள் ஒன்றைத் திருத்தியபோது தவறான முடிவு இன்னும் உறுதியானதாகவே தோன்றியது. எதிர்ப்பொருளின் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அது தான் பற்ற வேண்டிய நொதியை மட்டுமே, பற்ற வேண்டிய இடத்தில் பற்றியது. தடத்தில் மொத்தம் எவ்வளவு புரதம் இருக்கிறது என்ற கேள்விக்கு, கேப்டிஹெச் எவ்வளவு இருக்கிறது என்ற விடையை நாங்கள் எடுத்துக்கொண்டதே பிழையின் வேர்.

நொதியும் அதன் எதிர்ப்பொருளும்

கிளிசரால்டிஹைடு-3-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நீண்ட பெயரை ஆய்வுக்கூடத்தில் யாரும் முழுதாகச் சொல்வதில்லை; கேப்டிஹெச் என்பதே வழக்கு. செல் சர்க்கரையைச் சிதைக்கும் கிளைக்காலிசிஸ் பாதையின் ஆறாவது படியில், கிளிசரால்டிஹைடு-3-பாஸ்பேட்டை 1,3-பிஸ்பாஸ்போகிளிசரேட்டாக மாற்றி, அவ்வேளையில் என்ஏடி மூலக்கூறை என்ஏடிஹெச்-ஆக ஒடுக்கும் நொதி இது. மனிதரில் இதன் ஒரு சங்கிலி 335 அமினோ அமிலங்களைக் கொண்டது, எடை ஏறத்தாழ 36 கிலோடால்டன். செல்லுக்குள் நான்கு சங்கிலிகள் சேர்ந்து ஒரே கூட்டாக இயங்குகின்றன. சர்க்கரையைச் சிதைத்து ஆற்றல் பெறும் எந்தச் செல்லிலும் இது உண்டு என்பதோடு, மிக மிகுதியாகவும் உண்டு. பரிணாமத்தில் அதிகம் மாறாத புரதம் என்பதால், முயலின் தசையிலிருந்து எடுத்த கேப்டிஹெச்சைக் கொண்டு எலியில் உருவாக்கிய 6சி5 என்ற மோனோகுளோனல் எதிர்ப்பொருள் மனிதச் செல்லின் கேப்டிஹெச்சையும் தயங்காமல் பற்றிக்கொள்கிறது.

எல்லாச் செல்லிலும் உண்டு, மிகுதியாக உண்டு, எதிர்ப்பொருள் நன்றாகப் பற்றுகிறது: இந்த மூன்று குணங்களும் சேர்ந்துதான் கேப்டிஹெச்சை லோடிங் கன்ட்ரோல் என்ற நாற்காலியில் அமர்த்தின. ஜெல்லின் ஒவ்வொரு தடத்திலும் ஒரே அளவு புரதம் ஏற்றப்பட்டது என்பதற்குச் சாட்சியாக நிற்பதே லோடிங் கன்ட்ரோல். அந்தப் பணிக்கு இன்றியமையாத நான்காவது குணம் ஒன்று உண்டு. சோதனையில் நாம் எதை மாற்றினாலும் அந்தப் புரதத்தின் அளவு மாறக் கூடாது. முதல் மூன்று குணங்கள் கண்ணுக்குத் தெரிவதால் நான்காவதும் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். இந்த நிகழ்வில் நாங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

சோதனை நடந்த முறை

செல்கள் இரண்டு பிரிவாக வளர்க்கப்பட்டன. ஒரு பிரிவு வழக்கமான இன்குபேட்டரில் இருந்தது. மற்றொன்று 1 சதவீத ஆக்சிஜன் உள்ள மூடிய அறையில் 48 மணி நேரம் இருந்தது. ஆக்சிஜன் குறைவை உணர்த்தும் ஹிஃப்-1 ஆல்ஃபா என்ற புரதம், செல்லுக்கு மீண்டும் ஆக்சிஜன் கிடைத்த சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும் இயல்புடையது. ஆகவே அந்தப் பிரிவின் தட்டுகளை வெளியே எடுக்காமல், அறைக்குள்ளேயே கையுறை வழியாகச் செல்களைக் கரைத்தோம். அதற்கெனக் கரைப்பு பஃபர் ஒரு தனிக் குழாயில் அறைக்குள் முன்கூட்டியே வைக்கப்பட்டிருந்தது. இந்தத் தனிக் குழாய் பின்னால் முக்கியமாகிறது.

செல்களைக் கரைத்துப் பெற்ற லைசேட்டுகளின் புரதச் செறிவை, நிறமாற்றத்தைக் கொண்டு அளக்கும் பிசிஏ முறையில் அளந்து, தடத்துக்கு 20 மைக்ரோகிராம் என்று கணக்கிட்டு ஏற்றினோம். முதல் மூன்று தடங்கள் சாதாரண ஆக்சிஜன், அடுத்த மூன்று குறைந்த ஆக்சிஜன். புரதங்களை பிவிடிஎஃப் சவ்வுக்கு மாற்றியபின் எல்லாப் புரதங்களையும் நிறமேற்றும் போன்சோ எஸ் சாயத்தில் நனைத்து, மாற்றம் சீராக நடந்ததா என்று பார்த்து, கழுவி, 50 கிலோடால்டன் குறியை ஒட்டிச் சவ்வைக் குறுக்கே வெட்டினோம். மேல் துண்டு, 70 கிலோடால்டன் அளவுள்ள எங்கள் இலக்குப் புரதத்துக்கு. கீழ்த் துண்டு கேப்டிஹெச்சுக்கு. கேப்டிஹெச் எதிர்ப்பொருளை 1:1000 என்ற நீர்ப்பில் இட்டோம். இரண்டு துண்டுகளுக்கும், முதல் எதிர்ப்பொருளைப் பற்றிக்கொள்ளும், ஹார்ஸ்ராடிஷ் பெராக்சிடேஸ் என்ற நொதி பிணைத்த இரண்டாம் எதிர்ப்பொருளும், மங்கலான பட்டையையும் காட்டக்கூடிய உயர் உணர்திறன் கொண்ட ஒளிரும் வினைப்பொருளும் பயன்பட்டன. இலக்குப் புரதம் அளவில் குறைவு என்பதால் அதற்கு அந்த உணர்திறன் வேண்டியிருந்தது. கேப்டிஹெச்சுக்கு அது தேவையே இல்லை. கையில் இருந்த பாட்டிலையே இரண்டுக்கும் ஊற்றினோம்.

இலக்குப் பட்டை 4, 5, 6 ஆம் தடங்களில் மெலிந்திருந்தது. கேப்டிஹெச் ஆறிலும் சமம். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், குறைந்த ஆக்சிஜனில் கிடைத்த மதிப்பு ஏறத்தாழ 0.7.

சோதனையைச் செய்த ஆய்வு மாணவி முதல் பிளாட்டின் நாளிலேயே குறிப்பேட்டில் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘போன்சோவில் 4, 5, 6 சற்று வெளிறியுள்ளன.’ என்னிடம் கேட்கவும் செய்தார். கேப்டிஹெச் சமமாக இருக்கிறதே, சாயம் கழுவும்போது வெளிறியிருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். சவ்வில் உள்ள எல்லாப் புரதங்களையும் நேரடியாகக் காட்டிய சாட்சியை, ஒரே ஒரு புரதத்தைக் காட்டிய சாட்சியைக் கொண்டு தள்ளுபடி செய்தேன். இந்த நிகழ்வில் என் தவறு என்று தனியே எடுத்துச் சொல்ல வேண்டியது அதுதான்.

அடைத்துக்கொண்ட டிப்

உண்மை வெளிவரத் தொடங்கியது ஒரு சிறு விபத்தில். நான்காம் முறை அதே லைசேட்டுகளை ஓட்டும்போது, இரண்டாம் தடத்துக்கான பைப்பெட் டிப் நடுவில் அடைத்துக்கொண்டது. நீலச் சாயம் கலந்த மாதிரியில் பாதிதான் கிணற்றுக்குள் இறங்கியது. மீதி டிப்பின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றதை மாணவி கண்ணால் பார்த்தார். ஜெல்லை வீணாக்க மனமில்லாமல் தொடர்ந்து ஓட்டினார். போன்சோவில் இரண்டாம் தடம் பாதி நிறத்தில் தெரிந்தது. இலக்குப் பட்டையும் பாதியானது. கேப்டிஹெச் பட்டை மட்டும் பக்கத்துத் தடங்களைப் போலவே கருமையாக, கொஞ்சமும் குறையாமல் நின்றது.

பாதி மாதிரி இறங்கிய தடத்தைப் பாதி என்று சொல்லத் தெரியாத ஒன்று, ஏற்றத்துக்குச் சாட்சியாக இருக்க முடியாது. அன்று மாலையே படத்தை மென்பொருளில் திறந்து பிக்சல் மதிப்புகளைப் பார்த்தோம். கேமராவின் உச்ச வரம்பைத் தொட்ட பிக்சல் ஒன்றும் இல்லை. பட்டை அளவு மீறிவிட்டது என்று மென்பொருள் காட்டும் சிவப்பு எச்சரிக்கையும் இல்லை. இந்த இடத்தில்தான் பலரும் திருப்தியடைந்து திரும்பிவிடுகிறோம் என்று நினைக்கிறேன். கேமரா நிறைந்துவிடுவது வேறு, பட்டையில் நடக்கும் வேதிவினை நிறைந்துவிடுவது வேறு. ஒரு பட்டையில் பெராக்சிடேஸ் நொதி மிதமிஞ்சிக் குவிந்திருந்தால் அங்குள்ள வினைப்பொருள் நொடிகளில் தீர்ந்துவிடுகிறது; அதன்பின் அங்கே இருமடங்கு நொதி இருந்தாலும் ஒளி இருமடங்காவதில்லை. மிகையானால் பட்டையின் நடுப்பகுதி வெளுத்து, விளிம்பு மட்டும் ஒளிரும் வளையம்போல் ஆகும். எங்கள் பட்டைகள் அந்த அளவுக்குப் போகவில்லை. போயிருந்தால் முன்பே விழித்திருப்போம். வளையமாவதற்குச் சற்று முன்னால், பார்வைக்கு மிக அழகான கட்டத்தில் அவை நின்றிருந்தன.

நீர்ப்புத் தொடர்

அடுத்த வாரம் ஒரே லைசேட்டை எடுத்து, தடத்துக்கு 1.25, 2.5, 5, 10, 20, 40 மைக்ரோகிராம் என்று இருமடங்காக ஏற்றி ஓட்டினோம். கன்ட்ரோலாக ஒரு எதிர்ப்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கும் முதல் நாளில் செய்திருக்க வேண்டிய வேலை இது. ஒரு ஜெல்லும் ஒரு நாளும் போதும். 1:1000 நீர்ப்பிலும் உயர் உணர்திறன் வினைப்பொருளிலும் 5 மைக்ரோகிராமுக்கு மேல் கோடு ஏறக்குறைய படுத்துவிட்டது. ஐந்தும் இருபதும் படத்தில் ஒன்றுபோலவே இருந்தன. நாங்கள் வழக்கமாக ஏற்றிய அளவு அந்தச் சமவெளியின் நடுவில் இருந்தது.

எதிர்ப்பொருளை இன்னும் நீர்க்கச் செய்தால் போதும் என்று முதலில் நினைத்தோம். அது பாதி உண்மைதான். மிக மிகுதியான ஒரு புரதத்துக்கு எதிர்ப்பொருளை மிகக் குறைவாக இட்டால், கரைசலில் உள்ள எதிர்ப்பொருளே தீர்ந்துபோகிறது; அப்போதும் பட்டைகள் சமமாகத் தெரியும், காரணம்தான் வேறு. எதிர்ப்பொருளை 1:10,000 ஆக்கியதோடு, வினைப்பொருளையும் சாதாரண வகைக்கு மாற்றி, ஏற்றும் அளவையும் குறைத்தபோதுதான் 10 மைக்ரோகிராம் வரை நேர்க்கோடு கிடைத்தது. இலக்குப் புரதமோ 20 மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் தெளிவாகத் தெரிவதில்லை. ஒரே தடத்தில் இரண்டையும் அவற்றின் நேர்விகித எல்லைக்குள், அதாவது புரதம் இருமடங்கானால் பட்டையும் இருமடங்காகும் எல்லைக்குள், அளக்க வழியில்லை என்பது இதன் பொருள். கேப்டிஹெச்சைத் தனி ஜெல்லில் 5 மைக்ரோகிராமில் ஓட்டலாம். ஆனால் வேறு ஜெல்லில், வேறு பைப்பெட் அசைவில் ஏற்றிய தடம் முதல் ஜெல்லின் ஏற்றத்துக்கு எப்படிச் சாட்சியாகும் என்ற கேள்வி அப்படியே நிற்கும். மிகுதி என்பதற்காகத் தேர்ந்தெடுத்த புரதம் அந்த மிகுதியாலேயே இந்தப் பணிக்குப் பொருந்தாமல் போனது.

இருந்தாலும் தனி ஜெல்லில் ஓட்டிப் பார்த்தோம். பழைய ஆறு லைசேட்டுகள், ஒவ்வொன்றிலும் 5 மைக்ரோகிராம், எல்லாம் நேர்விகித எல்லைக்குள். ஆறு கேப்டிஹெச் பட்டைகளும் மீண்டும் சமமாகவே வந்தன. எங்களுக்குப் பெரும் நிம்மதி. பட்டை நிறைந்திருந்தது உண்மைதான், ஆனால் ஏற்றம் சமமாகவே இருந்திருக்கிறது, ஆகவே முடிவு சரிதான் என்று எழுதிவைத்தோம். அந்த நிம்மதி இரண்டு வாரம் நீடித்தது.

வெளிறிய மூன்று தடங்கள்

மாணவி போன்சோ படங்களை விடவில்லை. சேமித்திருந்த நான்கு சவ்வுகளின் படங்களையும் எடுத்து, ஒவ்வொரு தடத்தின் மொத்த நிறத்தையும் மேலிருந்து கீழ்வரை அளந்தார். டிப் அடைத்த அந்த ஒரு தடம் நீங்கலாக, நான்கிலும் 4, 5, 6 ஆம் தடங்கள் மற்றவற்றைவிட ஏறத்தாழ 30 சதவீதம் வெளிறியிருந்தன. கழுவும்போது வெளிறியிருந்தால் நான்கு முறையும் அதே மூன்று தடங்கள் மட்டும் வெளிறாது. குறைந்த ஆக்சிஜன் மாதிரிகளில் புரதம் உண்மையிலேயே குறைவாக ஏறியிருக்கிறது. அப்படியானால் செறிவைக் கணக்கிட்டதில்தான் எங்கோ தவறு நடந்திருக்க வேண்டும்.

அறைக்குள் வைத்த தனிக் குழாயின் நினைவு அப்போதுதான் வந்தது. அந்த பஃபர் பழைய செய்முறைத் தாளிலிருந்து தயாரிக்கப்பட்டது; அதில் டைதயோத்ரீட்டால் என்ற ஒடுக்கும் பொருள் சேர்ந்திருந்தது. வெளியே பயன்படுத்திய பஃபரில் அது இல்லை. பிசிஏ முறையில் புரதம் செப்பின் இரண்டு மின்னூட்ட அயனியை ஒரு மின்னூட்ட அயனியாக ஒடுக்குகிறது. அந்த ஒடுங்கிய செப்பு பிசிஏ மூலக்கூறுகளோடு சேர்ந்து தரும் ஊதா நிறத்தையே 562 நானோமீட்டரில் அளக்கிறோம். செப்பை ஒடுக்கும் வேலையைப் புரதம் மட்டுமே செய்ய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. டைதயோத்ரீட்டாலும் அதைச் செய்யும், மிக நன்றாகவே செய்யும். நிறத்தைச் செறிவாக மாற்றிக் கணக்கிட உதவும் நியமக் கோட்டுக்கான, செறிவு தெரிந்த அல்புமின் கரைசல்களை டைதயோத்ரீட்டால் இல்லாத பஃபரில் தயாரித்து, அதே கோட்டை இரண்டு பிரிவுகளுக்கும் பயன்படுத்தியதால், குறைந்த ஆக்சிஜன் மாதிரிகளின் செறிவு உண்மையைவிட உயர்வாகத் தெரிந்தது. செறிவு உயர்வு என்று நம்பி, கன அளவைக் குறைத்து ஏற்றினோம். 20 மைக்ரோகிராம் என்று எழுதியிருந்த தடத்தில் உண்மையில் இருந்தது ஏறத்தாழ 14.

இலக்குப் புரதத்தின் ‘வீழ்ச்சி’ முழுவதுக்கும் இந்த ஒரு காரணமே போதும். ஆனால் ஒரு புதிர் மிஞ்சியது. மூன்று தடங்களில் 30 சதவீதம் குறைவாக ஏறியிருந்தால், நேர்விகித எல்லைக்குள் ஓட்டிய அந்தத் தனி ஜெல்லில் கேப்டிஹெச்சும் 30 சதவீதம் குறைந்திருக்க வேண்டாமா? அது ஏன் சமமாக வந்தது?

நொதியே உயர்ந்திருந்தது

இந்தக் கேள்விக்கான விடை கிளைக்காலிசிஸ் பற்றிய அடிப்படைப் பாடத்திலேயே இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் மைட்டோகாண்ட்ரியாவின் வழியாக ஆற்றல் பெறுவது தடைப்படும். செல் கிளைக்காலிசிஸை முடுக்கிவிட்டுச் சமாளிக்கப் பார்க்கும். ஹிஃப்-1 இந்தப் பாதையின் நொதிகளுக்கான மரபணுக்களைத் தூண்டுகிறது என்பதை கிரெக் செமன்சாவின் குழு 1994-லேயே ஆல்டோலேஸ், பாஸ்போகிளிசரேட் கைனேஸ், பைருவேட் கைனேஸ் ஆகியவற்றில் காட்டியது. ஆக்சிஜனைச் செல் உணரும் முறையைக் கண்டறிந்ததற்காக 2019-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். கேப்டிஹெச் அதே பாதையில் ஆல்டோலேஸுக்கும் பாஸ்போகிளிசரேட் கைனேஸுக்கும் இடையில் நிற்கும் நொதி. ஆக்சிஜன் குறையும்போது இரத்தநாள உட்சுவர்ச் செல்களில் கேப்டிஹெச் உயர்கிறது என்பதும் புதிய செய்தி அன்று. ஆய்வு இதழ்களில் 1990-களிலேயே பதிவான ஒன்று. எல்லா வகைச் செல்லிலும் அப்படி உயர்வதில்லை என்பதால், ஒரு செல்லில் சரியாக நடந்துகொண்ட கன்ட்ரோலை நம்பி இன்னொரு செல்லில் இறங்குவதும் ஆபத்தே.

உயர்ந்த நொதியும் குறைந்த ஏற்றமும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டன என்ற ஐயத்தை உறுதிப்படுத்த, இரண்டு பிரிவுக்கும் ஒரே குழாயிலிருந்து எடுத்த ஒரே பஃபரைக் கொண்டு, டைதயோத்ரீட்டால் இல்லாமல், புதிதாக மூன்று தொகுதிகளை வளர்த்துக் கரைத்தோம். இம்முறை போன்சோவில் ஆறு தடங்களும் சமம். இலக்குப் புரதம் ஆறிலும் சமம். நேர்விகித எல்லைக்குள் ஓட்டிய கேப்டிஹெச் மட்டும் 4, 5, 6 ஆம் தடங்களில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனத்திருந்தது.

கணக்கைப் போட்டுப் பார்த்தபோது நான் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பழைய லைசேட்டுகளில் கேப்டிஹெச்சின் உண்மையான உயர்வு ஒன்றரை மடங்கு, ஏற்றம் 0.7, பெருக்கினால் 1.05. ஆகவேதான் தனி ஜெல்லில் அது சமமாகத் தெரிந்தது. இலக்குப் புரதத்தைக் கேப்டிஹெச்சால் வகுத்துப் பெற்ற எண்களோ இன்னும் அச்சமூட்டுபவை. பட்டை நிறைந்திருந்த முதல் பிளாட்டில், குறைவான ஏற்றத்தால் 0.7. நிறைவைத் திருத்திய ஜெல்லில், 0.7-ஐ 1.05-ஆல் வகுக்க 0.67. எல்லாவற்றையும் திருத்தி, சமமாக ஏற்றிய புதிய லைசேட்டுகளில், 1-ஐ 1.5-ஆல் வகுக்க மறுபடியும் 0.67. மூன்று வழிகளும் வெவ்வேறு காரணங்களால் ‘மூன்றில் ஒரு பங்கு வீழ்ச்சி’ என்ற ஒரே இடத்தில் வந்து முடிந்தன. திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு என்று நாங்கள் பெருமையோடு சொல்லிக்கொண்டது இதைத்தான். மொத்தப் புரதத்தால் வகுத்தால் மட்டும் பழைய லைசேட்டிலும் புதிய லைசேட்டிலும் விடை 1.

எதிர்ப்பொருள் சொன்னது உண்மையா என்ற சோதனை

கேப்டிஹெச் உயர்ந்தது என்ற புதிய முடிவையும் அதே எதிர்ப்பொருளின் சொல்லை மட்டும் நம்பி ஏற்பது பழைய பிழையின் மறுபதிப்பாகியிருக்கும். எதிர்ப்பொருள்களைச் சரிபார்ப்பது பற்றி ஒரு பன்னாட்டுப் பணிக்குழு 2016-இல் ஐந்து வழிகளை முன்வைத்தது: மரபணுவைக் குறைத்தோ நீக்கியோ பார்ப்பது, எதிர்ப்பொருளே தேவைப்படாத வேறு முறையில் அளந்து ஒப்பிடுவது, வேறு இடத்தைப் பற்றும் இன்னொரு எதிர்ப்பொருளைக் கொண்டு பார்ப்பது, அடையாளத் துணுக்கு சேர்த்த புரதத்தோடு ஒப்பிடுவது, எதிர்ப்பொருள் பிடித்து எடுத்ததை நிறைமாலைமானியில் ஆராய்வது. இவற்றில் மூன்றை எங்களால் செய்ய முடிந்தது.

ஒரு மரபணுவின் புரத உற்பத்தியைத் தடுக்கும் எஸ்ஐ-ஆர்என்ஏ கொண்டு கேப்டிஹெச்சைக் குறைத்த செல்களில் 36 கிலோடால்டன் பட்டை மெலிந்தது. வேறு எடையில் புதுப் பட்டை எதுவும் எஞ்சவில்லை. ஏற்கெனவே உருவான புரதம் செல்லில் நெடுநேரம் நிலைப்பது என்பதால் முதல் நாளில் மாற்றம் அரிதாகவே தெரிந்தது. மூன்றாம் நாளில்தான் தெளிவாயிற்று. முயலில் உருவாக்கிய வேறொரு கேப்டிஹெச் எதிர்ப்பொருளும் அதே ஒன்றரை மடங்கை ஒட்டிய உயர்வையே காட்டியது.

எனக்கு மிகவும் நிறைவளித்தது எதிர்ப்பொருளே இல்லாத மூன்றாவது வழி. கேப்டிஹெச் ஒரு நொதி. அதன் வேலையை நேரடியாகவே பார்க்கலாம். புரதத்தின் வடிவத்தைக் குலைக்கும் எஸ்டிஎஸ் கலவாத மென்மையான பஃபரில் கரைத்த லைசேட்டில் கிளிசரால்டிஹைடு-3-பாஸ்பேட்டும் என்ஏடியும் சேர்த்தால், உருவாகும் என்ஏடிஹெச் 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சுகிறது. பாஸ்பேட்டுக்குப் பதிலாக ஆர்சனேட் சேர்ப்பது பழைய, நல்ல உத்தி: ஆர்சனேட் சேர்ந்த விளைபொருள் உடனே நீரில் பிளந்துவிடுவதால் வினை பின்னோக்கித் திரும்ப முடியாது, கோடு நேராக ஏறும். (ஆர்சனேட் நஞ்சு, கையாள்வதிலும் கழிவைச் சேர்ப்பதிலும் அதற்குரிய எச்சரிக்கை கட்டாயம் வேண்டும்.) ஒளியை அளக்கும் சிறு குப்பியான குவெட்டில் லைசேட்டின் கடைசித் துளியை விட்டு மூடியதும் திரையில் இரண்டு கோடுகள் கிளம்பின. முதல் சில நொடிகள் ஒட்டியே சென்றவை, அரை நிமிடத்துக்குள் பிரிந்து, குறைந்த ஆக்சிஜன் மாதிரியின் கோடு கண்கூடாக மேலேறியது. மொத்தப் புரத அளவால் வகுத்தபின் சரிவின் விகிதம் எதிர்ப்பொருள் சொன்ன விகிதத்தோடு ஒத்துப்போனது. எதிர்ப்பொருள் முதலிலிருந்தே உண்மையைத்தான் சொல்லி வந்திருக்கிறது.

இடையில் வேறொரு ஐயமும் எழுந்தது. செல் நெருக்கடிக்கு உள்ளாகும்போது கேப்டிஹெச்சின் ஒரு பகுதி சைட்டோபிளாசத்திலிருந்து உட்கருவுக்குள் செல்லக்கூடும். மென்மையான பஃபர் உட்கருவை முழுதாகக் கரைக்காவிட்டால், இடம் மாறியதை அளவு மாறியதாக நாம் தவறாகக் கருத நேரும். செல்கள் முழுவதையும் சூடான எஸ்டிஎஸ் கரைசலில் கரைத்தும் ஒருமுறை ஓட்டினோம். விடை மாறவில்லை.

இப்போது செய்வது

இலக்குப் புரதத்துக்கான எல்லா பிளாட்டுகளையும் மொத்தப் புரதத்தால் வகுக்கிறோம். சவ்வுக்கு மாற்றியவுடன், பாலையோ அல்புமினையோ கொண்டு தடுப்பதற்கு முன்பு, ஃபுளூரசன்ஸ் சாயத்தால் நிறமேற்றிப் படமெடுத்து, ஒவ்வொரு தடத்தின் முழு நீளத்தையும் அளக்கிறோம். ஒரே புரதத்தின் ஏற்றத்தாழ்வு ஆயிரக்கணக்கான புரதங்களின் கூட்டுத்தொகையை அசைப்பது கடினம் என்பதே இந்த முறையின் வலிமை. ஜர்னல் ஆஃப் பயாலஜிகல் கெமிஸ்ட்ரி தன் ஆசிரியர்களுக்கான வழிகாட்டுதலில் கூடிய இடங்களிலெல்லாம் மொத்தப் புரதத்தைப் பயன்படுத்தச் சொல்வதும், எல்லாச் செல்லிலும் எப்போதும் இருக்கும் ஹவுஸ்கீப்பிங் புரதம் ஒன்றைப் பயன்படுத்தினால் சோதனை அதைப் பாதிக்கவில்லை என்பதற்குச் சான்று கேட்பதும் இந்தக் காரணத்தால்தான். அந்த வழிகாட்டுதலை நாங்களும் முன்பே படித்திருந்தோம்.

சவ்வைக் குறுக்கே வெட்டுவதையும் நிறுத்திவிட்டோம். முயல் எதிர்ப்பொருளையும் எலி எதிர்ப்பொருளையும் வெவ்வேறு நிறத்தில் ஒளிரும் இரண்டாம் எதிர்ப்பொருள்களால் ஒரே சவ்வில் ஒரே நேரத்தில் பார்க்க முடிகிறது. வேதிஒளியைவிட அதன் நேர்விகித எல்லை அகலமானது. புரதச் செறிவை அளக்கும்போது, நியமக் கரைசல்களை மாதிரியின் அதே பஃபரில், அதே குழாயிலிருந்து எடுத்தே தயாரிக்கிறோம்.

கேப்டிஹெச் எதிர்ப்பொருளை நாங்கள் தூக்கி எறியவில்லை. செல்லைப் பகுதிபகுதியாகப் பிரிக்கும்போது சைட்டோபிளாசப் பகுதியை அடையாளம் காட்டவும், எஸ்ஐ-ஆர்என்ஏ செலுத்துவது வேலை செய்கிறதா என்று பார்க்கவும், செல்லின் சர்க்கரைச் சிதைவு எப்படி மாறுகிறது என்று அறியவும் அது அருமையான கருவி. சர்க்கரை, இன்சுலின், ஆக்சிஜன் ஆகியவற்றில் எதையும் தொடாத ஒரு சோதனையில், நீர்ப்புத் தொடரும் கையில் இருந்தால், லோடிங் கன்ட்ரோலாகவும் அதை நம்பலாம்; கன்ட்ரோலாகப் பயன்படும் மற்றப் புரதங்களான ஆக்டின், டியூபுலின் ஆகியவற்றுக்கும் இதே நிபந்தனை பொருந்தும். ஒரு புரதத்தை இன்னொரு புரதமாக மாற்றினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று எங்களுக்குச் சிலர் நல்லெண்ணத்தோடு சொன்னார்கள். ஆனால் செல்லின் வடிவமும் நகர்வும் மாறும்போது ஆக்டினும் மாறக்கூடியது.

வரைவிலிருந்து இரண்டாம் பக்கப் படத்தை நீக்கினோம்; அதைச் சார்ந்து எழுதிய இரண்டு பத்திகளும் போயின. உறைபெட்டியில் எஞ்சியிருந்த பழைய ஆறு லைசேட்டுகளையும், கடைசியாக ஒருமுறை, புரதத்தை அமிலத்தால் வீழ்படிவாக்கிப் பிரித்து, டைதயோத்ரீட்டாலைக் கழுவி நீக்கியபின் மறுபடி அளந்தோம். குறைந்த ஆக்சிஜன் குழாய்கள் மூன்றிலும், மூடியில் எழுதியிருந்த செறிவில் பத்தில் ஏழு பங்கே இருந்தது. மாணவி பழைய எண்களை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போட்டு அடித்து, புதியவற்றைக் கீழே எழுதி, முதல் நாள் எழுதிய அந்தப் போன்சோ வரியின் பக்க எண்ணையும் அதனருகே குறித்து வைத்தார்.